நிலவறைப் படுக்கையறையில் கட்டிய அலுமாரி கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் என்று ரொறன்ரோப் பெரும்பாகத்தில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் வீடுகள் பலவற்றில், பேஸ்மென்ற் எனப்படும் நிலவறையை முடித்து அதில் ஒரு படுக்கையறையாவது எடுத்திருப்பார்கள். குளிர்கால உடுப்புகள், பயணப் பெட்டிகள், பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், விசேடங்களுக்கு மட்டும் எடுக்கும் சேலைகள் எல்லாம் காலப்போக்கில் அங்கேதான் இறங்குகின்றன. அதனால் சுவரோடு சேர்த்து அலுமாரியும் தட்டுகளும் கட்ட வேண்டிய தேவையும் வந்துவிடுகிறது. மேல்மாடியில் கட்டிய அதே தச்சர் அதே பலகையைக் கொண்டு கட்டினாலும், நிலவறையில் கட்டியது சில ஆண்டுகளில் மணக்கத் தொடங்குகிறது, அடிப்பலகை ஊதுகிறது, கதவு உரசுகிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் தச்சு வேலை அல்ல. அலுமாரி சாய்ந்து நிற்கும் சுவருக்குப் பின்னாலும் அது நிற்கும் தரைக்குக் கீழேயும் மண் இருக்கிறது. அந்த மண்ணின் ஈரமும் குளிரும் ஆண்டு முழுவதும் அறைக்குள் வர முயல்கின்றன. வெறுஞ்சுவராக இருந்தவரை அறையின் சூடும் காற்றோட்டமும் அதை உலர்த்திக்கொண்டிருந்தன. அலுமாரி அந்த உலர்தலை நிறுத்திவிடுகிறது.

ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் ஒரே ஒழுங்கில் தேட வேண்டும்: முதலில் நீர், அடுத்தது காற்று, கடைசியாகத்தான் மரம். பலகையை மாற்றுவதில் தொடங்குபவர்கள் அதே பலகையை மறுபடியும் மாற்றவேண்டி வரும்.

தேடுவதற்கு முன்னர் சுவரின் அடுக்குகளை மனதில் வைத்திருப்பது உதவும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் முதலில் மண், பிறகு அத்திவாரச் சுவர். 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட ஸ்கார்பரோ பங்களாக்கள் பலவற்றில் அது கொங்கிறீற் கற்களால் அடுக்கப்பட்டது; பிந்திய வீடுகளில் பெரும்பாலும் வார்க்கப்பட்ட கொங்கிறீற். அதற்கு உள்ளே 16 அங்குல இடைவெளியில் ஸ்டட் எனப்படும் மரச்சட்டங்கள், அவற்றுக்கிடையே பஞ்சுக் காப்பு, அதன்மேல் நீராவித் தடுப்பான பிளாஸ்ரிக் தாள், கடைசியாக ட்ரைவோல் எனப்படும் அரை அங்குல ஜிப்சம் பலகை. நீங்கள் கட்டும் அலுமாரி இத்தனைக்கும் மேலே இன்னோர் அடுக்காக வந்து சேர்கிறது.

அலுமாரியைத் திறந்தால் புழுங்கல் மணம், பின்சுவரில் கரும்புள்ளிகள்

அதிகம் பேர் முறையிடுவது இதைப் பற்றித்தான். ஈரம் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, அறைக் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த மேற்பரப்பில் படிவது. மற்றது, மண்ணின் நீர் கொங்கிறீற் வழியாக ஊறி வருவது. இரண்டுக்கும் பரிகாரம் முற்றிலும் வேறானது என்பதால், எது என்று உறுதிசெய்யும்வரை ஒரு பலகையையும் கழற்ற வேண்டாம்.

முதல் தடயம் பருவகாலம். ஆடி, ஆவணி வெக்கையில் மணம் கூடி, மார்கழியில் குறைந்தால் கோடைக் காற்றின் ஈரப்பதன்தான் காரணம் என்று சந்தேகிக்கலாம். பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பெருமழைக்குப் பின்னரும் கூடினால் மண்ணின் நீர். கடுங்குளிரில் மட்டும், அதுவும் வெளிச்சுவரோடு நிற்கும் அலுமாரியில் மட்டும் புள்ளிகள் வந்தால், சுவர் அளவுக்கு மீறிக் குளிர்கிறது என்று பொருள்.

அடுத்தது பிளாஸ்ரிக் தாள் சோதனை. வீட்டைச் சூடாக்கும் உலைக்கலன் நிற்கும் அறையிலோ வேறெங்காவதோ விரிப்பில்லாத கொங்கிறீற் தரை தெரியும் இடத்தைத் தேடி, அந்த இடத்தைக் கூட்டித் துடைத்து, 18 அங்குலச் சதுரமான தெளிந்த பிளாஸ்ரிக் தாளொன்றை நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதவாறு ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுவைத்து, ஓரத்தை மெதுவாக உரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்தச் சதுரத்தில் மட்டும் கொங்கிறீற் கருமையாகத் தெரிந்தாலோ, ஈரம் கீழேயிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் அது அறைக் காற்றிலிருந்து வந்தது. கடையில் வாங்கும் விலையுயர்ந்த கருவிகள் சிலவற்றைவிட இந்தச் சோதனை தெளிவான விடை தரும். ஒருமுறை வறண்ட காலத்திலும் ஒருமுறை மழைக்குப் பின்னரும் செய்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

காற்றுதான் காரணம் என்று தெரிந்தால், கணக்கு இப்படி: அறையின் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 16 பாகை. கோடையிலும் நிலவறைத் தரையின் மூலைகளும் சுவரின் அடிப்பகுதியும் அதற்குக் கிட்டிய குளிரில் இருக்கக்கூடும். வெளியே 28 பாகையும் 70 சதவீத ஈரப்பதனும் உள்ள நாளில் பனிபடுநிலை 22 பாகையை எட்டுகிறது. அந்த நாளில் “காற்றோட்டம் வரட்டும்” என்று நிலவறை யன்னலைத் திறந்தால், உலர்த்துவதற்குப் பதிலாக ஈரத்தை உள்ளே அழைக்கிறீர்கள். ஊரில் மழை விட்டதும் யன்னல்களைத் திறந்து வீட்டைக் காயவிட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். ஆனால் பூமிக்குக் கீழுள்ள குளிர்ந்த அறைக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. கோடையில் யன்னலை மூடி, ஈரமகற்றியை 50 சதவீதத்தில் வைத்து, அதன் குழாயைத் தரை வடிகாலுக்கு நேரே விட்டுவிடுங்கள். வாளியை நம்பியிருந்தால், அது நிரம்பியதும் இயந்திரம் தானாக நின்றுவிடும்; எவரும் கவனிக்காத ஒரு கிழமையில் ஈரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

குளிர்கால வகை சற்று நுட்பமானது. அறையில் 21 பாகையும் 45 சதவீத ஈரப்பதனும் இருந்தால், சுவரின் மேற்பரப்பு 9 பாகைக்கு இறங்கினால்தான் நீர் படியும். ஆனால் பூஞ்சணத்துக்கு நீர்த்துளி தேவையில்லை; மேற்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தை எட்டி, நீண்ட நாள் அப்படியே இருந்தால் போதும். மேலே சொன்ன அறையில் சுவர் 12 பாகைக்கு இறங்கும்போதே அது எட்டப்படுகிறது. வெறுஞ்சுவர் அறையின் சூட்டால் அந்த அளவுக்குக் குளிராமல் இருக்கும். அதே சுவரின் முன்னே அலுமாரியை ஒட்டிவைத்து, உள்ளே தடித்த குளிர்ச்சட்டைகளை அடுக்கி, கதவையும் மூடிவிட்டால், அந்த உடுப்புகளே காப்பாகி அறையின் சூட்டைச் சுவருக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. இதனால்தான் புள்ளிகள் எப்போதும் அலுமாரியின் பின்மூலையில், தரைக்குக் கிட்ட, இரண்டு வெளிச்சுவர்கள் சந்திக்கும் இடத்தில் தொடங்குகின்றன.

சிறந்த பரிகாரம் அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றுவதுதான். வெளிச்சுவரின் பக்கம் கட்டிலை வைத்தால் பெரிய தீங்கில்லை, தலைமாட்டைச் சற்று விலக்கினால் போதும். மாற்றவே முடியாத அமைப்பென்றால், பின்பலகைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு அங்குலமாவது விட்டு, அடிப்பீடத்திலும் மேலேயும் காற்றுப் போய்வரத் துவாரங்கள் அமையுங்கள். கீழே மட்டும் துளையிட்டு மேலே அடைத்துவிட்டால் காற்று ஓடாது. முழுப்பலகைக் கதவுகளுக்குப் பதிலாகச் சட்டங்களிடையே இடைவெளியுள்ள லூவர் கதவுகளைப் போடுவதும் நல்லது. ட்ரைவோலையே கழற்றவேண்டிய நிலை வந்தால் அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்: கொங்கிறீற்றின்மேல் நேரடியாக இரண்டு அங்குல விறைப்பான நுரைக் காப்புப் பலகையை ஒட்டி, இணைப்புகளை நாடாவால் அடைத்து, அதற்குப் பிறகு சட்டங்களை நிறுத்தினால், அறையின் காற்று குளிர்ந்த கொங்கிறீற்றைத் தொடவே முடியாது.

ஏற்கனவே வந்துவிட்ட பூஞ்சணத்தைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த ஓரிரு திட்டுகளைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவமும் நீரும் கொண்டு வீட்டாரே துடைக்கலாம் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டல். பிளீச் தேவையில்லை. கையுறையும் முகக்கவசமும் அவசியம். ட்ரைவோலின் தாளுக்குள் ஊறிவிட்ட பூஞ்சணத்தைத் துடைத்து எடுக்க முடியாது. அந்தப் பகுதியை வெட்டித்தான் அகற்ற வேண்டும். திட்டுகள் பெரிதாக இருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தாலோ, அதற்கென்று பயின்றவர்களை அழையுங்கள்.

அடிப்பலகை ஊதிவிட்டது, சுவரடியில் வெள்ளைத் தூள்

துகள்பலகையும், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும் நீரைக் குடித்தால் ஊதும். காய்ந்த பின்னரும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஊதல் தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் இருந்தால் நீர் கீழேயிருந்து வருகிறது. உலைக்கலன் அறையின் கொங்கிறீற் சுவரடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள் தெரிந்தால் சந்தேகமே இல்லை: சுவருக்குள்ளால் நீர் நகர்ந்து, உப்பை விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது. அந்தத் தூள் தன்னளவில் தீங்கற்றது. ஆனால் அது நீரின் பாதையைக் காட்டித் தருகிறது. அதன்மேல் வர்ணம் பூசி மறைக்காதீர்கள்.

இதற்கு வேலை வீட்டுக்கு வெளியேதான் தொடங்குகிறது. கூரைப்பீலியின் இறங்குகுழாய் அத்திவாரத்தின் காலடியிலேயே நீரைக் கொட்டுகிறதா என்று, மழை பெய்யும்போதே குடையோடு போய்ப் பாருங்கள். குழாயின் வாயை ஆறடி தூரத்துக்காவது நீட்டுங்கள். சுவரையொட்டிய மண் காலப்போக்கில் அமிழ்ந்து வீட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதை நிரப்பி, முதல் பத்து அடியில் ஆறு அங்குலமாவது வெளிநோக்கி இறங்கும்படி சரிவாக்குங்கள். நிலவறை யன்னலுக்கு வெளியே மண்ணில் தோண்டிய குழியான யன்னல் கிணற்றின் அடியிலுள்ள வடிகாலை இலைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீட்டு முற்றத்தில் செய்யும் இந்த மூன்று சிறு வேலைகளோடு நின்றுவிடும் கசிவுகள் ஏராளம். இவற்றைச் செய்து பார்க்காமல், அத்திவாரத்தைத் தோண்டி நீர்க்காப்புச் செய்யும் பெருஞ்செலவுக்கு எவரும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இவற்றுக்குப் பிறகும் நீர் வந்தால், சுவரின் வெடிப்பை உட்செலுத்தி அடைப்பதா, அத்திவாரத்தைச் சுற்றியுள்ள நீரை வடிக்கும் வீப்பிங் ரைல் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று நிபுணரிடம் கேட்கும் நேரம் அது.

நீர் நின்றதை ஒரு பனி உருகும் காலமாவது பார்த்து உறுதிசெய்த பின்னர் அலுமாரியை மறுபடி கட்டுங்கள். இம்முறை பலகை கொங்கிறீற்றைத் தொடக்கூடாது. உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளாஸ்ரிக் கால்களின்மேல் அலுமாரியை நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய ஒரு மறைப்புப் பலகையை மாட்டினால், கீழே நீர் வந்தாலும் கண்ணில் படும், துடைக்கவும் முடியும். மரப்பீடந்தான் வேண்டுமென்றால், அழுத்தப் பதனிட்ட மரத்தை, அடியில் நுரைப்பட்டி வைத்துப் போடுங்கள்.

பழைய தரைவிரிப்பைக் கழற்றும்போது கீழே ஒன்பது அங்குலச் சதுர ஓடுகளும் கறுப்புப் பசையும் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். அக்கால ஓடுகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். உடைக்காமல், உராயாமல், முதலில் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கட்டிய பின்னர் யன்னலையோ வால்வையோ எட்ட முடியவில்லை

அலுமாரிக்கு எந்தக் கேடும் இல்லாமல், அழகாகவே நிற்கும். ஆனாலும் இந்தப் பட்டியலில் உயிராபத்துள்ள பிழை இதுதான்.

படுக்கையறை யன்னல் வெளிச்சத்துக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. படிக்கட்டில் தீ பிடித்தால், நேரே வெளியே போகும் கதவு அந்தத் தளத்தில் இல்லாத நிலவறையிலிருந்து வெளியேற அதுவே வழி. ஒன்ராறியோக் கட்டட விதிகளின்படி அத்தகைய யன்னல், கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாகவும், திறந்தபோது தடையற்ற பரப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையாமலும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். யன்னல் கிணறு இருந்தால் யன்னலுக்கு முன்னே ஆள் வெளியேறப் போதிய இடைவெளி வேண்டும். யன்னலின் இரு புறமும் உயர்ந்த அலுமாரிகளைக் கட்டி நடுவில் ஒரு இருக்கை வைப்பது இப்போது பலரும் விரும்பும் அமைப்பு; அதில் அலுமாரிக் கதவு திறந்திருக்கும்போது யன்னலின் சட்டம் முழுவதுமாகத் திறக்கிறதா என்று அளந்து பாருங்கள். பக்கவாட்டில் நகர்த்தித் திறக்கும் யன்னலில் கண்ணாடி முழுவதையும் அளக்கக்கூடாது, திறக்கும் பாதியை மட்டுமே அளக்க வேண்டும். அளவு போதாதென்று தெரிந்தால் இருக்கையையோ தட்டையோ கழற்றுவதற்குத் தயங்காதீர்கள். யன்னல் துவாரத்தையே பெரிதாக்குவதென்றால் அத்திவாரச் சுவரை வெட்ட வேண்டும். அதற்கு மாநகர அனுமதி தேவை.

யன்னலுக்கு அடுத்தபடியாகத் தேடவேண்டியவை: பிரதான நீர்க்குழாயின் வால்வு, தரை வடிகால், கழிவுக்குழாயின் துப்புரவு மூடி, கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் பாக்வோட்டர் வால்வின் மூடி, தரைக்கடியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப், மின் இணைப்புப் பெட்டிகள். இவற்றில் எதுவும் நிலையான பலகைக்குப் பின்னால் அகப்படக்கூடாது. அகப்பட்டிருந்தால் முழு அலுமாரியையும் கழற்றத் தேவையில்லை. அந்த இடத்தில் பின்பலகையை வெட்டி, காந்தத்தால் ஒட்டி நிற்கும் சிறு கதவொன்றை மாட்டி, அதில் பெரிய எழுத்தில் பெயரை எழுதிவிடுங்கள். நள்ளிரவில் குழாய் வெடித்தால், வால்வை மூட ஓடி வருபவர் வீட்டுக்குப் புதிய வாடகைக்காரராக இருக்கலாம்.

மின்சாரப் பனலுக்கு அந்தச் சலுகையும் இல்லை. அதற்கு முன்னே ஒரு மீற்றர் வெளி விட வேண்டும். உடுப்பு அலுமாரிக்குள் பனல் இருப்பதையே கனடிய மின்விதி அனுமதிப்பதில்லை. அப்படிக் கட்டியிருந்தால் கழற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அலுமாரி வந்த பின்னர் அறை குளிர்கிறது

சூட்டுக் காற்று பெரும்பாலும் நிலவறையின் மேற்கூரைத் துவாரத்தால் இறங்கும். குளிர்ந்த காற்று சுவரடியிலுள்ள மீள்துவாரத்தால் உலைக்கலனுக்குத் திரும்பும். இரண்டில் ஒன்றை அலுமாரி மறைத்திருக்கும். கதவருகே ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்து, உலைக்கலன் ஓடும்போது அது எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தால் காற்று எங்கே தடைபடுகிறது என்று ஊகிக்கலாம். மீள்துவாரம் மறைந்திருந்தால் அலுமாரியின் அடிப்பீடத்தின் வழியாக ஒரு தகரக் குழாயை நீட்டி, முன்மறைப்பில் சல்லடை வைத்து வெளியே கொண்டு வரலாம். துவாரத்தை அலுமாரிக்குள்ளேயே திறந்துவிட்டு, “உடுப்பும் சூடாக இருக்கும்” என்று விட்டுவிடுவது சரியல்ல. கதவு மூடியதும் காற்றோட்டம் நின்றுவிடும்.

சுவரடியில் மின்சூடாக்கி இருந்தால் அதன் மேலோ முன்னாலோ எதையும் கட்டக்கூடாது. உடுப்பு விழுந்து தொட்டாலே தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

கதவு உரசுகிறது, தரைப்பலகை நடுவில் எழும்புகிறது

கதவு கோடையில் உரசிக் குளிர்காலத்தில் சரியாகிவிட்டால் அது ஈரப்பதன்தான். முதலாவது அறிகுறிக்குத் திரும்புங்கள். ஆண்டு முழுவதும் உரசினால் தரை மட்டமாக இல்லை என்று கொள்ளலாம். நிலவறைத் தரைகள் பெரும்பாலும் வடிகாலை நோக்கிச் சரிவாக வார்க்கப்பட்டவை. அலுமாரியின் ஒரு மூலை தாழ்ந்ததும் பெட்டி கோணி, கதவு மேல்மூலையில் முட்டும். கீலைத் திருகித் திருகிப் பார்க்காமல் மட்டக்கோலை அடிப்பலகையில் வைத்து, தாழ்ந்த மூலையின் கீழ் ஆப்பு வைத்தால் கதவு தானாகவே சரியாகிவிடும்.

தரைப்பலகை எழும்புவதற்குக் காரணம் வேறு. லமினேற், வைனில் போன்ற மிதக்கும் தரைகள் எங்கும் ஆணியடிக்கப்படாமல், விரிந்து சுருங்கும்படி போடப்படுபவை. அவற்றின்மேல் பாரமான அலுமாரியை நிறுத்திச் சுவரோடு திருகினால் தரை அங்கே அறையப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. விரிய இடமில்லாமல் வேறெங்காவது எழும்புகிறது. அலுமாரியைக் கழற்றி, அதன் அடிப்பரப்பின் அளவுக்குத் தரைப்பலகையை வெட்டி எடுத்து, அலுமாரியை அதன் பிளாஸ்ரிக் கால்களோடு நேரே கொங்கிறீற் தரையில் நிறுத்தி, சுற்றிவர அரை அங்குலம் விட்டு, அந்த இடைவெளியை மெல்லிய விளிம்புச் சட்டத்தால் மறைக்க வேண்டும். விளிம்புச் சட்டத்தை அலுமாரியில் அடியுங்கள், தரையில் அடிக்காதீர்கள்.

தட்டு நடுவில் வளைகிறது

பாரம் சீராகப் பரவியிருக்கும் தட்டில் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவு பதினாறு மடங்காகிறது. ஆகவே மூன்றடி நீளத் தட்டு வளைந்தால், தடித்த பலகை தேடுவதற்கு முன்னர் நடுவில் ஒரு தாங்கி வையுங்கள், வேலை முடிந்தது. தாங்கி வைக்க இடமில்லையென்றால், முக்கால் அங்குல பிளைவூட் தட்டின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல மரச்சட்டத்தை நிமிர்த்தி ஒட்டித் திருகுங்கள். புத்தகங்களும் அரிசி மூட்டையும் வைக்கும் தட்டுகளுக்கு மெலமைன் பூசிய துகள்பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரமான அறையில் அது வளைந்தால் வளைந்ததுதான்.

திருகாணி கழன்று வருகிறது

ட்ரைவோலில் மட்டும் பிடித்த திருகாணி, பாரத்தைத் தாங்காது. ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள்; ட்ரைவோலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகாணியின் தலையில் அது ஒட்டும். மேலும் கீழும் நகர்த்தி ஒரே நேர்கோட்டில் மூன்று தலைகளைக் கண்டுபிடித்தால் சட்டம் அதுதான். அடுத்தது 16 அங்குலத்தில் இருக்க வேண்டும்.

பழைய வீடுகள் சிலவற்றில் முழுச் சட்டத்துக்குப் பதிலாக முக்கால் அங்குலத் தடிப்புள்ள பட்டிகளைக் கொங்கிறீற்றில் அடித்து, அதன்மேல் ட்ரைவோல் போட்டிருப்பார்கள். அங்கே இரண்டரை அங்குலத் திருகாணி பட்டியைத் தாண்டிக் கொங்கிறீற்றில் முட்டி நின்றுவிடும். அத்தகைய சுவரில் கொங்கிறீற் திருகாணியைப் பாவித்து, குறைந்தது ஓர் அங்குலம் கொங்கிறீற்றுக்குள் இறங்கும்படி நீளத்தைத் தெரிவுசெய்யுங்கள். கற்களால் அடுக்கிய சுவரில் ஈரம் வரும் பகுதியைத் துளையிடாதீர்கள். கல்லின் உள்ளே தேங்கிய நீர் துளையால் வெளியேறுவதைப் பார்க்க நேரிடலாம். இதையெல்லாம் தவிர்க்க விரும்பினால் பாரத்தை முழுவதும் தரை தாங்கும்படி அலுமாரியைக் கட்டி, சுவரிலுள்ள திருகாணி அது முன்னே சாயாமல் தடுப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் லாச்சிப் பெட்டகங்களுக்கு அந்தத் திருகாணி கட்டாயம். லாச்சிகளை இழுத்துப் படியாக்கி ஏறும் பிள்ளையின்மேல் பெட்டகம் சாய்ந்த விபத்துகள் உயிரிழப்பில் முடிந்திருக்கின்றன.

செய்த அலுமாரியை அறைக்குள் நிமிர்த்த முடியவில்லை

கூரை 84 அங்குலம், அலுமாரி 83 அங்குலம். நிற்கும் என்றுதான் தோன்றும். ஆனால் படுத்த நிலையிலிருந்து நிமிர்த்தும்போது அது தன் மூலைவிட்டத்தின்மேல் திரும்ப வேண்டும். ஆழம் 24 அங்குலம் என்றால் மூலைவிட்டம் 86 அங்குலத்துக்கும் மேல். அறுப்பதற்கு முன்னர் அடிப்பீடத்தைத் தனியாகக் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். நான்கு அங்குலப் பீடத்தை முதலில் நிறுத்தி, அதன்மேல் 76 அங்குலப் பெட்டியை வைத்தால், பெட்டியின் மூலைவிட்டம் 80 அங்குலத்துக்குள் அடங்கும். மேலே எஞ்சும் இடைவெளியைச் சட்டத்தால் மறைக்கலாம், அதிலேயே காற்றுத் துவாரத்தையும் அமைக்கலாம். படிக்கட்டின் திருப்பத்தையும் காற்றுக்குழாயை மறைக்கும் தாழ்ந்த பெட்டியின் உயரத்தையும் அளந்த பிறகே பலகைக்குச் சொல்லுங்கள்.

சேலையின் சரிகை கறுக்கிறது. கடதாசியில் சிறு துளைகள்

சரிகையிலுள்ள வெள்ளி ஈரக்காற்றில் விரைவாகக் கறுக்கும். பட்டுச் சேலையை நிலவறை வெளிச்சுவர் அலுமாரியில் வைக்கவே வேண்டாம்; முடிந்தால் மேல்மாடிக்குக் கொண்டு போங்கள். முடியாவிட்டால் பழைய பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள். பெட்டியில் வைக்கும் நாளில் சேலை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; ஈரத்தோடு மூடினால் பெட்டி அந்த ஈரத்தையே காத்து வைத்திருக்கும்.

கடதாசியிலும் புத்தகக் கட்டிலும் துளைகள் இருந்தால் வெள்ளிமீன் பூச்சி. அது மாப்பசையையும் கடதாசியையும் தின்கிறது, ஈரத்தில் பெருகுகிறது. மருந்தடிப்பதைவிட, காட்போட் பெட்டிகளை அகற்றிப் பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கு மாறுவதும் ஈரப்பதனைக் குறைப்பதும் நிலைத்த பலன் தரும்.

வெள்ளம் வந்து போன பிறகு

2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது; 2024 ஜூலை 16இல் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர். இரண்டு முறையும் ரொறன்ரோவின் நிலவறைகள் பலவற்றுள் நீர் புகுந்தது. அலுமாரியின் கீழ் நீர் வந்திருந்தால் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். தாமதித்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மின்சாரத்தை நிறுத்தாமல் நீரில் இறங்காதீர்கள். காப்புறுதிக்காகப் படமெடுத்த பின்னர் கீழ்த்தட்டுப் பொருட்களை எடுத்து, அடிமறைப்பைக் கழற்றி, அலுமாரியின் பின்னேயுள்ள ட்ரைவோலை நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே வெட்டி, நனைந்த பஞ்சுக் காப்பை அகற்றுங்கள். வெளியே காய்ந்ததுபோல் தெரியும் சுவருக்குள் பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வந்தது கழிவுநீர் என்றால் துகள்பலகை அலுமாரியைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

மறுபடி மூடுவதற்கு முன்னர் ஈரமானியின் ஊசிகளை மரச்சட்டத்தில் குத்திப் பாருங்கள். கட்டட விதி ஏற்கும் உச்ச ஈரம் 19 சதவீதம்; 15க்குக் கீழே இறங்கும்வரை விசிறியையும் ஈரமகற்றியையும் ஓடவிட்டுக் காத்திருப்பதையே நான் விரும்புவேன். பாக்வோட்டர் வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகரம் மானியம் தருகிறது. விண்ணப்பத்துக்கான நிபந்தனைகளை வேலை தொடங்குவதற்கு முன்னரே வாசித்து, சுவர் திறந்திருக்கும் இந்தக் காலத்திலேயே அவற்றைப் பொருத்திவிடுங்கள். அலுமாரி அதற்குப் பின்னர் வரட்டும்.